அவர் விரலுக்கு ஒரு கண்ணாடி

டேப்லெட் தரையில் விழுந்த சத்தம் கேட்டபோது நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஓடி வந்து பார்த்தால் என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருக்கிறார், அது குப்புறக் கிடக்கிறது. எடுத்துத் திருப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது. அடியில் இருந்த திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த டேப்தான் அவருக்கு வாய். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இதை வாங்கி ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். படம் படமாகக் கட்டங்கள் இருக்கும், தொட்டால் பேசும். அந்தச் சொற்களையெல்லாம் என்னைப் பேசச் சொல்லித்தான் பதிந்தாள். அதனால் "தண்ணி வேணும்", "முதுகு வலிக்குது" எல்லாம் என் குரலிலேயே வரும். ஆரம்பத்தில், அடுப்படியில் நிற்கிற என்னை என் குரலே கூப்பிடும்போது திடுக்கிட்டுப் போவேன்.

விரிசல் விரலைக் கிழித்துவிடும் என்று கண்ணாடியை உரித்துப் போட்டேன். வெறும் திரையோடு அவரிடம் கொடுக்கவும் பயம். இடது கை அவருக்குப் பழக்கமில்லை, எந்த நேரமும் நழுவும். மறுநாள் காலையில், பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். சுவர் முழுக்கப் போன் கண்ணாடிகள் தொங்கின. டேப் அளவுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"இதுதாங்க்கா டெம்பர் கண்ணாடி. சுத்தியால அடிச்சாலும் ஒடையாது" என்றார் கடைக்காரர்.

நான் வேறு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் அவர் வாய் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. ஒட்டி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்கு இரண்டு தடவை போன் போட்டுவிட்டேன்.

"என்னக்கா பண்றாரு?"

"சும்மாதான் உக்காந்திருக்காரு. நீ பதறாத."

சும்மா உட்கார்ந்திருக்கிறாரா, எதையோ கேட்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வந்து டேப்பை அவர் மடியில் வைத்தேன். தண்ணீர்ப் படத்தைத் தொட்டார். பேசவில்லை. அழுத்தினார். நகத்தால் தட்டினார். நான் தொட்டால் உடனே பேசுகிறது, அவர் தொட்டால் இல்லை. நோய்க்குப் பிறகு அவருடைய விரல் நுனி காய்ந்து போயிருந்தது, தொடுவதும் பூப்போலத்தான். கண்ணாடியோ நல்ல தடிமன். ஓரத்தில் மட்டும் பசை வைத்து, நடுவில் ஒட்டாமல் நின்றது. டேப்பை முழங்கையால் தள்ளிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வைக்கட்டுமா, பாத்ரூம் போகணுமா, ஃபேனைக் கூட்டட்டுமா என்று போகும்போதும் வரும்போதும் கேட்டேன். அவர் தலையைக்கூட அசைக்கவில்லை. நான் கேட்டுக் கேட்டே அவரைப் படுத்துகிறேன் என்பது புரிந்தும் நிறுத்த முடியவில்லை.

மகள்தான் போனில் சொன்னாள். "கண்ணாடியே வேணாம்மா. மெல்லிசா ஃபிலிம் இருக்கு, மெஷின்ல அளவு குடுத்து வெட்டித் தருவாங்க. அதுலயும் ரெண்டு மூணு தினுசு இருக்கு. அப்பா விரல வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க."

இங்கே விசாரித்த கடைகளில் அந்த மெஷின் இல்லை. அரியலூரில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். நோய் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர அவர் எங்கும் போனதில்லை. அதிலும் அரியலூர் என்றால் பார்க்கிற டிரைவரெல்லாம் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால் போய் நிற்க அவருக்கு மனசு வராது.

"ஏங்க, அரியலூர் வரைக்கும் போவணும். உங்க விரல் இல்லாம அத வாங்க முடியாதாம். வரீங்களா?" என்றேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் போய் எதையாவது ஒட்டிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்து பார்த்தபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சட்டையை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். எதிரே கல் லாரி வரும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வழியில் பாத்ரூம் வந்தால் என்ன செய்வது, தலை சுற்றினால் எப்படிச் சொல்வார் என்று நான் பையைப் பிசைந்துகொண்டே வந்தேன்.

கடை மெயின் ரோட்டில் இருந்தது. நடத்துகிறவர் முப்பது வயதுப் பெண். விஷயத்தைச் சொன்னதும் பெரம்பலூரில் ஒட்டிய கண்ணாடியை உரித்தெடுத்து, திரையின் மேல் இரண்டு துண்டு ஃபிலிம்களை வைத்தார். ஒன்று பளபளப்பு, இன்னொன்று கொஞ்சம் சொரசொரப்பு.

"ஐயா, ரெண்டுலயும் வெச்சுப் பாருங்க."

பளபளப்பில் விரல் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. சொரசொரப்பில் வழுக்கிப் போய்க் கட்டத்தில் நின்றது. "தண்ணி வேணும்" என்றது என் குரல். ஆனால் அதில் படங்கள் மங்கலாகத் தெரிந்தன.

"மொதல்ல பாத்ததுதானே பளிச்சுன்னு இருக்கு" என்றேன்.

அவர் சொரசொரப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"ஐயா முடிவு பண்ணிட்டாருங்க" என்று அந்தப் பெண் மெஷினைத் தட்டிவிட்டார்.

ஒட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. லாரி ஒன்று போனால் கடைக்குள் புழுதி வந்துவிடும். ஷட்டரைப் பாதி இறக்கி, ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டினார். நடுவில் ஒரு தூசி மாட்டியது. தூக்கி, செலோடேப்பால் ஒற்றி எடுத்து மறுபடி ஒட்டினார். ஓரத்தில் இன்னொன்று. புழுக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது. இதற்குள் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, குனிந்து ஷட்டருக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"பாத்ரூமா? மயக்கமா வருதா? வூட்டுக்குப் போவணுமா?"

எல்லாவற்றுக்கும் கையை வீசி மறுத்தார்.

"அக்கா, செத்த பொறுங்க. முடிஞ்சிருச்சு" என்று அந்தப் பெண், அட்டையால் கடைசிக் காற்றையும் தள்ளிவிட்டு டேப்பை அவரிடமே நீட்டினார்.

அவர் ஒரே தொடுதலில் அழுத்தினார். "டீ வேணும்."

எதிர்ச்சாரியில் லாரிகள் நிற்கும் டீக்கடை இருந்தது.

கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "அண்ணே, எப்படிண்ணே இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்" என்று டேப் சொன்னது.

காக்கிச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். "அண்ணி, நான் அண்ணன கேட்டேன்."

"அண்ணன்தான் சொன்னாரு" என்றேன்.

இவர் மறுபடி அழுத்திக் காட்டினார். அந்த டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஏதேதோ கேட்க, இவர் தேடித் தேடி அழுத்தினார். சில சமயம் சம்பந்தமே இல்லாத பதில் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். கூட இவரும் சிரித்தார்.

பெரம்பலூர் பஸ் ஒன்று போனது. வெயில் ஏறுகிறது, மாத்திரை நேரம் ஆகிறது என்று நான் ரோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போலாமாங்க?"

அவர் என்னைப் பார்க்காமலே விரலை வைத்தார். "அப்புறம்."

பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.