மானிட்டர் ஓரத்துச் சீட்டு

என் மானிட்டரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. ‘எஃப் எஃப், டி எட்டு’ என்று சாய்ந்த கையெழுத்து. கோரிப்பாளையத்துக் கம்ப்யூட்டர் கடையில் எனக்கு நான்கு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்த சோழவந்தான் பெண் எழுதியது. நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். ஆனாலும் அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ஒரு பெண் மெமரி கார்டோடு வந்தார். அவருடைய நிக்காஹ் படங்களில் ஒன்று மட்டும் திறக்கவில்லை. “எங்க அத்தா என்கூட நின்ன படம் இது ஒண்ணுதாண்ணே. இப்ப அவுக இல்ல” என்றார். எனக்குத் தெரிந்த மென்பொருள்களையெல்லாம் இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தங்கச்சி கறுப்புத் திரையைத் திறந்து ‘எக்ஸ் எக்ஸ் டி’ என்று ஒரு கட்டளை அடித்தாள். படம் எண்ணும் எழுத்துமாக வரிவரியாக இறங்கியது. முதல் வரிகள் முழுக்கப் பூஜ்யம்.

“கோப்போட தலை, அதான் ஆரம்பப் பகுதி, அழிஞ்சிருக்குண்ணே. இந்தப் படமெல்லாம் எஃப் எஃப், டி எட்டுன்னுதான் ஆரம்பிக்கணும். அதே கேமராவுல எடுத்த நல்ல படத்தோட தலையை எடுத்து வச்சுப் பாப்போம். சாப்பிட்டு வாரேன்” என்றவள், அந்த ‘எஃப் எஃப், டி எட்டை’ மட்டும் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். என் இரண்டு நாள் அவளுக்கு இரண்டு நிமிடம்.

அவள் கை கழுவி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கார்டில் இருந்த படத்தையே எண்களாக மாற்றச் சொன்னேன்; வரும் எண்களைச் சேமிக்கவும் அவசரத்தில் அதே கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டேன். என்டர் தட்டியதும் கோப்பு காலி. அளவு பூஜ்யம்.

வந்து பார்த்தவள் என்னைத் திட்டவில்லை. “நேத்தே நகல் எடுத்து வச்சுட்டேண்ணே” என்றாள். எதைத் தொட்டாலும் முதலில் நகல் எடுப்பாள். பயந்தாங்கொள்ளி என்று அதற்காக அவளை நான் கேலி செய்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் படம் திறந்தது. மகளின் தோளில் அத்தாவின் கை. அந்தப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னபோது, “அண்ணேதான் எடுத்துக் குடுத்தாக” என்று தங்கச்சி என்னைக் காட்டினாள். பாராட்டுகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். மெமரி கார்டோடு வந்த அந்தப் பெண் சொல்லி இன்றும் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். பசை காய்ந்து சீட்டு விழும்போதெல்லாம் டேப் வைத்து ஒட்டுகிறேன். போன வாரம் ஒருவர் அதைப் பார்த்து, “இது என்னண்ணே, யாரு எழுதுனது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றேன்.