சதுரங்க மண்டபத்தில் அடங்காத பிள்ளைகள்

சதுரங்க நடுவரின் வேலை, பேசாதே என்று சொல்லிப் பேசிக்கொண்டே இருப்பதுதான். எழுபதுகளில் இலங்கையின் மாத்தளையில் ஆசிரியனாக இருந்தபோது, ஆட்டம் தெரிந்த ஒரே குற்றத்துக்காகப் பாடசாலைப் போட்டிகளுக்கெல்லாம் என்னை நடுவராகப் போட்டார்கள். ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகளை வாய் திறக்காமல் உட்கார வைக்கப் பாடுபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் நிலைமை விளக்காமலே புரியும்.

ஸ்டெல்லாவின் ‘செக்’

ஸ்டெல்லா ஒரு தேயிலைத் தோட்டக் கிளார்க்கின் மகள். பையன்கள் நிறைந்த போட்டியில் அவள் ஒருத்திதான் பெண்பிள்ளை. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போதெல்லாம் காயைப் பலகையில் ஓங்கி வைத்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ‘செக்’ என்பாள். பக்கத்து மேசைகளிலிருந்து முறைப்பாடு வந்தது. போய்க் குனிந்து, மெதுவாகச் சொன்னால் போதும் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த தடவையும் அதே சத்தம் போட்டாள்.

இனிமேல் செய்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன் என்று எச்சரித்தேன். அவள் கண்ணில் நீர் முட்டியது. போன போட்டியில் எதிராளி ஒருவன், ‘செக்’ காதில் விழவேயில்லை என்று சாதித்து, தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதியை மீறி வேறு காயை நகர்த்தினானாம். அங்கிருந்த நடுவரும் அவன் சொன்னதையே ஏற்றுக்கொண்டாராம். அப்படியானால் நானே இந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“நீங்க நிக்கிற வரைக்கும் மெதுவாச் சொல்றேன் சேர். நீங்க போயிட்டா சத்தமாத்தான் சொல்லுவேன்.”

இருமல்

ஒரு பாடசாலையின் பயிற்சி ஆசிரியர், தன் மாணவன் தவறான காயில் கை வைக்கப் போகும்போது மட்டும் இருமுவார். பையன் கையை இழுத்துக்கொள்வான். மரியாதையான மனிதர், என்னைவிட மூத்தவர். பிள்ளைகள் முன்னால் அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணி குடிக்கலாம் என்று வெளியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவன் தோக்கிறதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல மாஸ்டர். என்னைய இனி உள்ள விடாதீங்க.”

சிதறிய காய்கள்

ரிஸ்வான் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன். எல்லாரையும் வென்றுகொண்டு வந்தவன், கடைசிச் சுற்றில் ஒரு தோட்டப் பாடசாலைப் பையனிடம் ராணியைப் பறிகொடுத்தான். பையன் லேசாகச் சிரித்துவிட்டான். ரிஸ்வான் ஒரே வீச்சில் காய்களையெல்லாம் தரையில் தள்ளினான்.

விதிப்படி அவனைப் போட்டியிலிருந்தே நீக்கினேன். அவன் இல்லாவிட்டால் அவர்கள் அணி அடுத்த கட்டப் போட்டிக்குக் கண்டிக்குப் போக முடியாது. அவர்கள் பாடசாலை அதிபர் வந்து கெஞ்சினார், பிறகு கோபித்தார். அதற்குள் யாரோ சொல்லி அவன் வாப்பா கடையிலிருந்து வந்துவிட்டார். மகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று பயந்து இடையில் போய் நின்றேன். அவரோ மகனோடு சேர்ந்து மேசைகளுக்கடியில் குனிந்து காய்களைப் பொறுக்கினார். கடைசிச் சிப்பாயையும் என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

“தண்டனையைக் குறைக்க வேணாம் மாஸ்டர். பரிசு குடுக்கிற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கேயே இருந்து, ஜெயிச்ச புள்ளைக்குக் கை தட்டிட்டுப் போறோம்.”

நகராத பையன்

லோகன், ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவனுக்கு ராஜாவும் சிப்பாய்களும்தான் மிச்சம், தோல்வி நிச்சயம். எதிரே கலேவெலவிலிருந்து வந்த நிமல் என்ற சிங்களப் பையன். மற்ற மேசைகளில் ஆட்டம் முடிந்துவிட்டது. லோகன் தோல்வியை ஒப்புக்கொள்ளவுமில்லை, காயைத் தொடவுமில்லை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்று நிமல் முறைப்பாடு செய்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் கேலியாகக் கொட்டாவி விட்டார்கள். மணிக்கூட்டில் லோகனுக்கு இன்னும் நேரம் இருந்தது, விதி அவன் பக்கம். ஆனாலும் ஏன் தம்பி என்று கேட்டேன்.

“அடுத்த வாரம் குடும்பத்தோட இந்தியாவுக்குப் போறோம் சேர். தோட்டத்துப் பதிவுல எங்க பேரெல்லாம் வெட்டியாச்சு. அங்க போய் வெளையாடுவேனான்னு தெரியல. இது முடிஞ்சிட்டா எந்திரிச்சுப் போகணுமே” என்றான்.

இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத் தமிழரைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நிமலுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறான் என்று கேட்டான். சிங்களத்தில் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டவர்களைக் கையசைத்து அனுப்பிவிட்டு, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் மொழியில் சொன்னான்:

“அவர் யோசிக்கட்டும் சேர். எனக்கும் அவசரமில்லை.”

இத்தனை போட்டிகளில் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் அழகாக ஆடி, கோப்பையும் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்கு ஞாபகமில்லை.