அந்தோணிக்குள் இருந்த குறி

உயிரோடு இருந்த மனிதரை, அவரைத் தேடி வந்தவரிடமே இல்லை என்று சொன்னவன் நான்! லண்டன் மோர்டனில் அவருடைய வாசலை விட்டு நடந்தபோதும் அதை வாயிலேயே வைத்திருந்தேன். உங்களிடம் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாலு நாடு அலைந்து லண்டன் வந்தவன். இல்ஃபோர்டில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் முகவரிக் கோப்பில் பெயர்களை ஏற்றும் வேலை கிடைத்தது. தட்டச்சு வராது. போனில் வந்த செய்திகளிலிருந்து வெட்டி ஒட்டினேன்.

மன்னாரிலிருந்து பிலோமினா அக்கா வந்தார், போரில் பிரிந்த தமையன் அந்தோணியைத் தேடி. கணினியில் தேடினேன். வரவில்லை.

"மூண்டு சுழி போட்டனீரோ தம்பி, ரெண்டு சுழியோ?"

"ரெண்டும் பாத்திட்டன். இல்லை அக்கா."

"அவன் தன்ர பேரையே ஒழுங்கா எழுத மாட்டான்!" என்று சிரித்தார். விசா முடிந்து திரும்பிப் போனார்.

பிறகொரு நாள் கோப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போனேன். அந்தோணி... மன்னார்... இப்போது மோர்டன்! மூன்று சுழி சரியாகவே இருந்தது. கடைசியிலிருந்து அழித்துப் பார்த்தேன். 'ணி' போனது. அழிக்கும் விசையை இன்னொருமுறை அழுத்தினேன், ஒன்றும் குறையவில்லை. செய்தியோடு ஒட்டிவந்த, திரையில் தெரியாத, அகலமே இல்லாத ஒரு குறி! கண்ணுக்கு அது அந்தோணி. கணினிக்கு வேறு யாரோ.

குறியை அழித்தேன். அக்காவின் தொலைபேசி இலக்கம் இருந்தது. ஏன் அழைக்கவில்லை? வேலை போகும் என்றா? அந்தச் சிரிப்புக்குப் பயந்தா? மாரிக்காலம் முழுக்கத் தள்ளிப்போட்டேன். கடைசியில் அழைத்தபோது மகள் எடுத்தாள்.

"அம்மா தவறிட்டா, அண்ணை."

வேலையை விட்டுவிட்டு மோர்டனுக்குப் போனேன். தங்கை இறந்ததை மட்டும் சொன்னேன். அந்தோணி ஐயா கேட்டார்:

"என்னைத் தேடினவளோ, தம்பி?"

"ஓம் ஐயா. தேடினவ."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு! அக்கா லண்டன்வரை வந்தார், என் முன்னால் நின்றார் என்று சொல்ல நா எழவில்லை. தன் கையால் தேநீர் ஊற்றித் தந்தார். குடித்தேன்... குடித்தேனே!

மறுநாள் காலை வடக்கு லண்டன் எட்மண்டனில் ஒரு மீன்கடையில் சேர்ந்தேன். முதலில் வந்தவர் விளைமீன் கேட்டார். பெட்டி பெட்டியாக ஐஸைக் கிளறினேன். விரல்கள் விறைத்தன. அடிப்பெட்டியையும் இழுத்தேன்.

"இல்லையெண்டு சொல்லனடா!" என்று முதலாளி உள்ளேயிருந்து கத்தினார்.