கார்டில் இல்லாத அம்மா

2024 பிப்ரவரி 6, செவ்வாய். காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீர் அன்று வரும் முறை. இரண்டு டிரம்மையும் நான்கு குடங்களையும் நிரப்பினேன். ஐந்தரைக்குக் குளிக்கும்போது இடது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஆறேகாலுக்கு எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் (கப்பல் துறையில்) கவுன்டரைத் திறந்தேன். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலின் பயணிகள் பட்டியலை அடையாள அட்டைகளோடு ஒப்பிடுவது என் வேலை. டிக்கெட்டில் ஒரு பெயரும் அட்டையில் வேறு பெயரும் இருந்ததால் அன்று ஒருவரைத் திருப்பி அனுப்பினேன்.

பத்தொன்பதாம் நாள் பயாப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறிது சதை எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வந்தது. புற்றுநோய். அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. மூன்றாம் நிலை.

இதைப் படிப்பவர்களில் சிலர் இந்நேரம் ஒரு மருத்துவப் படிவத்தின் முன் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்காக, அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன்.

ஜெட்டியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு மார்புப் பரிசோதனை முகாம் நடந்தது. வங்காளி நர்ஸ் ஒருவர் படிவத்தைக் காட்டி, "தீதி, மா, பெஹன், கிஸீகோ கேன்சர் ஹுவா?" என்றார். அம்மாவுக்கோ சகோதரிக்கோ வந்ததா என்ற கேள்வி. "நஹீ" என்றேன். 'இல்லை' என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன். 'உண்டு' என்று எழுதியவர்களை வருடந்தோறும் மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுக்க வரச் சொன்னார்கள். என்னைச் சொல்லவில்லை. படிவத்தின் நகலை ஃபைலில் வைத்தேன்.

என் அம்மா மார்பில் புண் வைத்துத்தான் இறந்தாள், இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில்.

பெரியம்மாவுக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தது, அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. மூன்று வயதில் நான் பெரியம்மாவின் குடும்பக் கார்டில் அவள் மகளாக ஏறி, கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். பின்னாலேயே வருவதாகச் சொன்ன அம்மா வரவில்லை. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்னைப் போல் இன்னும் சிலர் இருந்தார்கள். "கார்டுல உள்ளதத்தான் வெளிய சொல்லணும்" என்பதை எழுத்துக்கு முன்பே கற்றுக்கொண்டோம். மாற்றிச் சொன்னால் வேலையும் வீடும் போகும், கப்பலேற்றித் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம். சுனாமி அந்தக் கார்டைக் கொண்டுபோனது, பயத்தைக் கொண்டுபோகவில்லை. பள்ளி, வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் தாய் என்ற இடத்தில் பெரியம்மா பெயர்தான். நர்ஸ் கேட்டபோது பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. மற்றப் படிவங்களோடு ஒத்துப்போகும்படி இதையும் நிரப்பினேன்.

சென்னையில் எட்டு முறை கீமோதெரபி (ரத்தத்தில் ஏற்றும் புற்றுநோய் மருந்து), இடது மார்பை அகற்றும் அறுவை, பிறகு கதிர்வீச்சு. அங்கும் டாக்டர் கேட்டார். அங்கும் 'இல்லை' என்றேன். மரபணுச் சோதனைக்கு அவசரமில்லை என்று எழுதினார்.

கதிர்வீச்சு முடிந்த ஐந்தாம் மாதம், அம்மாவோடு இலங்கையிலேயே தங்கிவிட்ட, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கை வள்ளி வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"அக்கா, எனக்கும் வந்திருச்சி. ரெண்டு பக்கமும். ரத்தத்துல அம்மா வழியா வந்த கோளாறு இருக்காம். கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு டொக்டர் கேட்டாங்க. ஒங்க பேரச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அவளுடைய கண்டி டாக்டர் என் சென்னை டாக்டருக்கு எழுதினார். மூன்றாம் நாள் வள்ளியின் அறிக்கை கடலைத் தாண்டி வந்துவிட்டது. அது முட்டி நின்றது என் காகிதங்களில் இருந்த தாய் பெயரில்தான். டாக்டர் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார்.

"அவங்க அம்மா பேர் வேற, உங்க அம்மா பேர் வேற. பெரியம்மா பொண்ணா, கூடப் பிறந்தவங்களா? உங்க பொண்ணுக்காகவாவது சரியா சொல்லுங்க."

என் மகள் கவிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது, ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பில் வேலை. அவள் முன்னால்தான் முதன்முறையாக உண்மையைச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, ஒரு எழுத்து மாறினா டூரிஸ்டைக் கப்பல்ல ஏத்த மாட்டே. உன் அம்மாவையே மாத்தி ஏத்திட்டியே?"

டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளியின் அறிக்கையால் எதைத் தேட வேண்டும் என்பது ஆய்வகத்துக்குத் தெரிந்தது. எனக்கு அதே கோளாறு இருந்தது. பிறகு கவிதாவின் ரத்தத்தை எடுத்தார்கள்.

2025 ஜூன் 17, செவ்வாய். பகல் பதினொன்று பத்துக்கு டாக்டர் போனில் சொன்னார். அவளுக்கும் இருக்கிறது. நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் உடனே ஸ்கேன் தொடங்க வேண்டும். குடும்பத்தில் மிகக் குறைந்த வயதில் நோய் வந்தவர் யாரோ, அவர் வயதுக்குப் பத்து வருடம் முன்பே தொடங்கியிருந்தால் நல்லது என்றார்.

"பஸ், போதும் டாக்டர். மெயின்லாந்துக்கு எப்ப வரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் கவிதா. போனை வைத்துவிட்டு, வேலைக்கு லீவு எழுத உட்கார்ந்தாள்.

மாலையில் வள்ளியைக் கூப்பிட்டு அம்மாவின் வயதைக் கேட்டேன்.

"மொதல்ல தெரிஞ்சப்ப முப்பத்திநாலு. கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்துன வீக்கம்னு மருந்து பூசிவிட்டாங்க. அதோடயே ரெண்டு வருசம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாங்க அக்கா."

முப்பத்துநான்கில் பத்து போனால் இருபத்துநான்கு. முகாமில் நான் 'இல்லை' என்று எழுதியபோது கவிதாவுக்கு இருபத்துமூன்று.

முன்பெல்லாம் காலம் எனக்கு, கவுன்டர் பதிவேட்டைப் போல, ஒரு நாளுக்கு ஒரு பக்கமாக இருந்தது. இப்போது வயதுகளாக இருக்கிறது: அம்மாவுக்கு வந்த வயது, வள்ளிக்கு வந்த வயது, எனக்கு வந்த வயது, கவிதாவின் இன்றைய வயது. இடது கை நிணநீர் தேங்கி வீங்கியிருக்கிறது. குடத்தை வலது கையால் மட்டும் தூக்குகிறேன். இந்த உடம்பு என்னிடம் தொடங்கவில்லை, என்னோடு முடியவும் இல்லை.

ஜூன் 18, புதன். நாலே முக்காலுக்கு எழுந்தேன். தண்ணீர் வரும் நாள். குழாயைத் திறப்பதற்கு முன் முகாம் படிவத்தின் நகலை எடுத்தேன். எங்கள் ஆபீஸில் தவறை அழிக்க மாட்டோம். ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்திடுவோம். 'இல்லை' என்பதை அடித்தேன். 'உண்டு. தாய். பெயர்: ராசம்மா. வயது: 34' என்று எழுதினேன். அந்தப் பெயரை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அதை என் ஃபைலில் திரும்ப வைக்காமல், கவிதாவின் ஃபைலில் முதல் தாளாக வைத்தேன்.