அடுத்தவரிடம் சொல்லிவிட்டு நகரவும்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். திருத்துறைப்பூண்டியில் கணக்கு டீச்சராக வேலை பார்த்த காலத்தில் நான் சேர்ந்த வானியல் கிளப்பின் ஆண்டு விழா. ஆரம்பகால உறுப்பினர்களில் இன்னும் கூட்டத்துக்கு வந்துகொண்டிருப்பது நான் ஒருத்திதானாம். இதில் என் சாதனை என்ன இருக்கிறது? சாகவில்லை, அவ்வளவுதான்.

கையில் மைக்கைக் கொடுத்ததும் ஓர் இன்ஜினியரிங் மாணவி எழுந்து கேட்டாள்.

"மேடம், இத்தனை வருஷத்துல நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். கைதட்டினார்கள். அடக்கமாகப் பேசுகிறேனாம்! நான் சொன்னது அப்பட்டமான உண்மை.

அப்புறம் எதற்கு இந்த கிளப்புக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்? மேடையில் சொல்ல நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டெலஸ்கோப். தகரக் குழாய், மரக் கால்கள், மோட்டார் கிடையாது. பூமியோ நமக்காக நிற்காது. குனிந்து சனிக் கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நழுவி ஓரத்துக்குப் போய்விடும். அடுத்த ஆள் குனிந்தால் வெறும் இருட்டுதான்.

அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். பார்த்தவர், கிரகம் இப்போது எந்த ஓரத்தில் நிற்கிறது என்று அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். அவர் "கிடைச்சிருச்சு" என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நகரலாம்.

சின்ன விதிதான். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் யார் தெரியுமா? ஒருவர் மிராசுதார் சாமிநாதன். இன்னொருவர் தங்கையன் — அதே மிராசுதாரின் வயலில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் தலைவர்.

நில உச்சவரம்பு, பினாமி, குத்தகை, கூலி... ஊரில் வேறு பேச்சே இல்லாத காலம். சுவரெல்லாம் கட்சிச் சின்னம், வரப்பெல்லாம் போலீஸ். இவர்கள் இருவரும் வெளியே பேசிக்கொள்வது வக்கீல் மூலமாகத்தான். கிளப் கூடும் பள்ளிக்கூட மாடிக்கு வந்தால் மட்டும், "மேல் ஓரத்துல இருக்கு", "கிடைச்சிருச்சு". அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அறுவடை சமயம். ஒரு சாயங்காலம் நாங்கள் மாடியில் சனியின் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாமிநாதனின் களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. தூரத்தில் சிவப்பாகத் தெரியத்தான் செய்தது. சாமிநாதனைத் தேடி ஆள் ஓடிவரும்வரை யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தோம். வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஊர் எங்கே கண்ணில் படுகிறது!

மறுநாள் காலை தங்கையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "அவன்தான் தீ வைத்தான்" என்று புகார் கொடுத்தவர் சாமிநாதனின் தம்பி.

கிளப் செயலாளரான கம்பவுண்டரும் நானும் முதலில் சாமிநாதன் வீட்டுக்குத்தான் போனோம். தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அண்ணன் பூஜையில இருக்காங்க. இன்னிக்குப் பார்க்க முடியாது." நாங்கள் பேசியது உள்ளே கேட்டிருக்கும். பூஜை மணிதான் சத்தமாக அடித்தது. நேராக ஸ்டேஷனுக்குப் போனோம்.

"தங்கையன் எங்களோடதான் இருந்தாருங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "டீச்சர், நீங்கல்லாம் மேலே பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க. பக்கத்துல யார் நின்னாங்கன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. உள்ளே கம்பிக்குப் பின்னால் தங்கையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது. குற்றம் உறுதியானால் சிறை. போராட்டமும் அதோடு முடிந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் சாமிநாதன் வந்தார். நெற்றியில் விபூதி கலையவில்லை. யாரையும் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

"எனக்கு அடுத்து நின்னது தங்கையன்தான். வளையம் எந்த ஓரத்துல நிக்குதுன்னு நான்தான் சொன்னேன். கிடைச்சிருச்சுன்னு அவர் சொன்னாரு. அதுக்கப்புறம்தான் நகர்ந்தேன். வீட்டுலேர்ந்து ஆள் ஓடிவந்து போர் எரியுதுன்னு சொன்னப்பவும் அவர் அங்கதான் இருந்தாரு."

"ஐயா... எரிஞ்சது உங்க போருங்க!"

"என்னுதுதான். அதான் நானே வந்தேன்."

மத்தியானத்துக்குள் தங்கையனை விட்டுவிட்டார்கள். சாமிநாதனோடு தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார். மற்ற மிராசுதார்கள் அவர் வீட்டு விசேஷத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

சரி, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களா? அதெல்லாம் இல்லை. அடுத்த வாரமே தங்கையன் அதே சாமிநாதன் வயலில் கொடி நட்டார். சாமிநாதன் வக்கீல் நோட்டீஸ் விட்டார். அன்று சாயங்காலம் இருவரும் மாடிக்கு வந்தார்கள்.

இந்த முறை தங்கையன் முன்னால் நின்றார். பார்த்து முடித்துவிட்டு நகராமல் திரும்பினார்.

"கீழ் ஓரத்துக்கு வந்துருச்சுங்க. சீக்கிரம் பாருங்க."

சாமிநாதன் குனிந்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. தங்கையன் காத்துக்கொண்டு நின்றார்.

"கிடைச்சிருச்சு."

எனக்கு அழுகை வந்தது. அடுத்தது என் முறை, அதனால் அழவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றால் வளையம் தெரியாது.

இன்று அவர்கள் இருவருமே இல்லை. சண்டை போட்டுக்கொண்டே ஒரே வரிசையில் நிற்க முடியும் என்று நான் தெரிந்துகொண்டது அந்த மாடியில்தான். இதைப் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித்தரவில்லை; நானும் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் நன்றி அதற்குத்தான்.

விழா முடிந்ததும் புது டெலஸ்கோப்பில் சனியைக் காட்டினார்கள். கம்ப்யூட்டர், மோட்டார், எல்லாம் உண்டு. எனக்கு அடுத்து நின்றது கேள்வி கேட்ட அதே பெண்.

"நடுவுல நிக்குதும்மா" என்றேன்.

"தெரியும் மேடம். மோட்டார் இருக்கு. எங்கேயும் போகாது."

போகாதுதான். ஆனாலும் அவள் குனிந்து பார்த்து "கிடைச்சிருச்சு மேடம்" என்று சொல்லும்வரை நான் நகரவில்லை.