நல்ல நேரத்தில் கேட்ட கேள்வி

சிங்கப்பூரில் இன்றைக்கு என் பெயரில் மூன்று இடம் இருக்கிறது. பூன் லேயில் மசாலா அரைக்கிற தொழிற்கூடம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நான் குடியிருக்கிற வீடு, அப்புறம் தேக்கா பக்கம் டன்லப் தெருவில் பழைய மாடிக் கடைவீடு. முதல் இரண்டுக்கும் குத்தகைக் காலம் உண்டு. அது முடிந்தால் நிலம் அரசாங்கத்துக்கே திரும்பிப் போய்விடும். கடைவீடு மட்டும் மண்ணோடு என்னுடையது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களில் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். என் மீன் தலைக் கறி மசாலாப் பொட்டலத்தை இந்தத் தீவில் தெரியாதவர் குறைவு. நம்பாதவர்கள் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

போன மாதம் கடைவீட்டை மகன்கள் இரண்டு பேர் பெயருக்கும் மாற்றி எழுதப் போனேன். லாயர் நம் தமிழ்ப் பெண்தான், என் பேத்தி வயதுதான் இருக்கும். காகிதத்தைப் புரட்டிவிட்டுத் தயங்கினாள்.

"அங்கிள், கேக்கிறதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ரெண்டு பேர் பேர்ல எழுதுறப்ப ரெண்டு வழி இருக்கு. பின்னாடி ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாச்சும்..."

"செத்துப்போனான்னு நேராக் கேளும்மா. சேர்த்து எழுதினா இருக்கிறவனுக்கே முழுசும் போயிடும், செத்தவன் பெண்டாட்டி பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது. பங்கு பிரிச்சு எழுதினா அவனவன் பங்கு அவனவன் குடும்பத்துக்கு. பங்கு பிரிச்சே எழுது."

அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். "அங்கிள், நீங்க லா படிச்சீங்களா?"

படித்தேன். டன்லப் தெரு அடுப்படியில் படித்தேன். தொடங்கியபோது எனக்கு ஆறு வயது, முடிந்தபோது எட்டு.

கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவும் பெரியப்பாவும் மில் வைத்திருந்தார்கள். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைபடும் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். மேலே குடியிருப்பு. பின்கட்டில் அடுப்படி. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், அப்புறம்தான் வணக்கம் சொல்வார்கள்.

அடுப்படி பெரியம்மாவின் ராஜ்ஜியம். பெரியப்பாவுக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. நான் இருந்தேன், அதனால் அந்தக் குறை தெரியவில்லை என்று சொல்வார்கள். நான் அம்மா வயிற்றில் பிறந்தேனே தவிர, சாப்பிட்டது, உதைபட்டது, தூங்கியது எல்லாம் பெரியம்மா பக்கத்தில்தான். பெரியம்மாவுக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். உப்பை எடு. தள்ளி உட்காரு. வாயைத் திற. பெரியப்பாவிடமும் அப்படித்தான்: சட்டையை மாத்துங்க, கிளம்புங்க. மல்லி வறுக்கும்போது மட்டும் பேச மாட்டார். என் உயரத்துக்கு இருந்த மரத் துடுப்பால் இரும்புச் சட்டியைக் கிளறிக்கொண்டே காதைச் சாய்த்து, மல்லி வெடிக்கிற சத்தத்தைக் கேட்பார். சட்டென்று ஒரு விதையை எடுத்துக் கடித்து, மீதியை என் வாயில் போட்டு, "ஆச்சு, இறக்கு" என்பார்.

அது வாடகை வீடு. வீட்டுக்குச் சொந்தக்காரரான சீனர் அதை விற்கப் போவதாகச் சொன்னதும் அண்ணன் தம்பி இருவரும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். பெரியம்மாவின் கை வளையல்கள் அத்தனையும் அதற்குப் போயின. வெறுங்கையை வீசிக்கொண்டு, "இப்பத்தான் துடுப்புப் பிடிக்கக் கை லேசா இருக்கு" என்று அவர் சொன்னதும், அம்மா அழுததும் எனக்கு நினைவிருக்கிறது.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குப் பெரியம்மாவே நல்ல நேரம் பார்த்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு. அப்பாவும் பெரியப்பாவும் வெள்ளை வேட்டியில். வீட்டின் ஒரே ஆண் வாரிசு என்பதால் எனக்குப் புதுக் கால்சட்டை. அம்மா கைக்குழந்தையான என் தங்கையோடு வீட்டில் இருந்துவிட, நாங்கள் நான்கு பேரும் ஆற்றோரம் இருந்த லாயர் ஆபீசுக்கு டாக்சியில் போனோம். அந்தத் தெருவிலேயே எங்களைப் போலத் தாம்பாளத்தோடு பத்திரம் எழுதப் போனவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

லாயர் வெள்ளைக்காரர். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடி, கழுத்துவரை பொத்தான். துரை ஏதோ கேட்டார். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஐயா, துரை கேக்கிறார். இந்த வீட்டை நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடி வச்சிருக்கப் போறியள் எண்டு. உங்களில ஒராள் முதல் செத்துப்போனா..."

"ஐயையோ!" பெரியம்மா போட்ட சத்தத்தில் துரையின் பேனா நின்றது. "நல்ல நேரத்துல என்ன பேச்சுங்க பேசுறீங்க? வெத்தலைத் தாம்பாளத்தை முன்னால வச்சுக்கிட்டு! படிச்சவர் வாயில வர்ற பேச்சா இது?"

"இல்லையம்மா, இது சட்டத்தில கேக்க வேண்டிய..."

"சட்டம் அதும்பாட்டுக்கு இருக்கட்டும். வேற மாதிரி கேளுங்க."

கிராணி பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துரையைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். கடைசியில், "சரி. சேத்து எழுதுறதோ, பங்கு பிரிச்சு எழுதுறதோ?" என்று கேட்டார்.

பிரிப்பதா! பெரியப்பா சிரித்தே விட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, அண்ணனையும் தன்னையும் பங்காளிச் சண்டைக்காரர்கள் என்று நினைத்துவிட்டானே என்று. இரண்டு பேருக்கும் முன்னால் பெரியம்மாதான் பதில் சொன்னார்: "சேர்த்துத்தான். ஒரே உலை, ஒரே சோறு. எங்க வீட்டுல பிரிக்கிற பேச்சே கிடையாது."

கையெழுத்து ஆயிற்று. கிராணிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தோம். டாக்சியில் வரும்போது பெரியம்மா கிராணியைப் போலப் பேசிக் காட்ட, நான் சிரித்துச் சிரித்து அவர் மடியிலேயே சரிந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் பெரியப்பா மூட்டைகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மில் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து, பெரியப்பா பெயர் இருந்த இடத்தில் பெரியம்மா பெயரைப் போட வேண்டும் என்று அப்பா லாயர் ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் எதையோ திருடிவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை.

"அண்ணி, வீடு முழுக்க என் பேருக்கு வந்துடுச்சாம். நான் ஒண்ணும் செய்யல. அண்ணன் போன அன்னைக்கே அதுவா வந்துடுச்சாம். சேர்த்து எழுதினா அப்படித்தானாம்."

பெரியம்மா கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

"பாதியை உங்க பேருக்கு எழுதிக் குடுத்துடறேன் அண்ணி. கிராணிகிட்ட பேசிட்டேன். நீங்க வந்து ஒரு கையெழுத்து..."

"என்னுதை எனக்கு எழுதிக் குடுக்க நீ யாருப்பா?" என்றார் பெரியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவர் ஆபீசுக்கு வர மறுத்ததால், அப்பா கெஞ்சிக் கேட்டு கிராணியை வீட்டுக்கே காகிதத்தோடு கூட்டி வந்தார். கிராணி உள்ளே நுழைந்ததும் தும்மினார். பெரியம்மா காப்பி கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க சொல்ல வந்ததை நான்தான் வாயடைச்சேன். இன்னைக்குச் சொல்லுங்க. முழுசாக் கேக்கறேன்."

கிராணி காப்பியைக் கீழே வைத்தார். "வேண்டாமம்மா. இப்ப என்னத்துக்கு?"

"சொல்லுங்க."

அவர் சொன்னார். ஒருவர் செத்துப்போனால் மற்றவருக்கே முழுவதும் போக வேண்டுமா, இல்லை அவரவர் பங்கு அவரவர் மனைவி பிள்ளைகளுக்குப் போக வேண்டுமா என்று. பெரியம்மா ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டார். "சரியாத்தான் கேக்க வந்திருக்கீங்க" என்றார். பிறகு காகிதத்தைத் தொடாமலேயே அப்பா பக்கம் தள்ளிவிட்டார். "அவர் உழைச்சது எனக்குத் தானமா வர வேணாம். விடு."

அப்பா அந்தக் காகிதத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு வெகுநாள் காத்திருந்தார். அம்மா அவர் காலில் கூட விழுந்தாள். பெரியம்மா சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எதற்கெடுத்தாலும் கேட்க ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

"கொஞ்சம் உப்பு எடுத்துக்கட்டுமா?" என்று அம்மாவிடம். "இந்தத் தலைகாணியை நான் வச்சுக்கட்டுமா?" "விளக்கை அணைச்சிடட்டுமா?" தான் பதினைந்து வருஷம் ஆண்ட அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்பது போலப் பார்ப்பார்.

"அக்கா, இப்படிக் கேக்காதீங்க. நீங்க இல்லாம குழம்புக்கு உப்பு எவ்வளவுன்னு கூட எனக்குத் தெரியாது" என்று அம்மா அழுவாள்.

எனக்கு மட்டும் அது மிகவும் பிடித்திருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? அதுவரை "தள்ளி உட்காரு" என்று முதுகில் ஒன்று வைத்தவர், இப்போது "தம்பி, நான் இங்க உக்காரட்டுமா?" என்றார். நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்றே நினைத்தேன். உட்காருங்கள் என்று கையைக் காட்டுவேன்.

கடைசியில் காத்தோங்கில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் பெரியம்மா போனார். சிலோன் சாலைப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப் போவார். அங்கேயும் எனக்கு ஒரு பிஸ்கட் எடுப்பதற்குத் தம்பி மனைவியைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். கொஞ்ச காலத்தில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே யார் இருந்தார்கள், யாரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் சம்பாதிக்கத் தொடங்கி, ஆள் அனுப்பி விசாரித்தபோது காலம் கடந்துவிட்டது.

பூன் லேயில் மல்லி வறுக்க மிஷின் போட்டிருக்கிறேன். வெளிநாட்டு மிஷின், நம் ஆட்களில் முதலில் வாங்கியவன் நான்தான். மணி அடித்துத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனாலும் காலையில் போனதும் ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். ஆச்சு, இறக்கு என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. டன்லப் தெரு வீட்டை ஹோட்டல்காரர்கள் கேட்காத மாதம் கிடையாது. மகன்கள் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். பின்கட்டில் அந்த அடுப்பு இருந்த இடத்தில், சிவப்புச் சிமெண்டுத் தரை ஒரு வட்டத்துக்குக் கறுத்துக் கிடக்கிறது. நான் உள்ளவரை அதன் மேல் யாரும் கல் பதிக்க முடியாது.

பெரியம்மா எங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்ட காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கீழே கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் அவருடைய தகரப் பெட்டியோடு அப்பா டாக்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றார். அம்மா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. அடுப்படியில் நானும் பெரியம்மாவும் மட்டும். அவர் சுவரைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த துடுப்பைப் பார்த்தார். அதன் கைப்பிடி அவர் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

"தம்பி, இந்தத் துடுப்பை நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமாடா?"

யாரும் இல்லாத நேரத்தில் என்னிடம் கேட்கிறார். மில் முதலாளி அப்பா செய்வது போல நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன். பெரிய மனசு பண்ணிச் சொன்னேன்: "எடுத்துக்கோங்க, பெரியம்மா."

பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். சிரித்தது போலத்தான் இருந்தது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். எங்கள் வீட்டில் யார் கண்ணில் தண்ணீர் வந்தாலும் அதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரியும். நான் ஓடிப்போய், மூலையில் திறந்து கிடந்த மிளகாய் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.