சும்மா கேட்கும் சுற்று

எங்கள் இசைத்தட்டு ஆலையில் அவருக்குக் காதக்கா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. தரை துடைப்பவர் முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவர் காதக்காதான். வேலை, கேட்பது. ஒரு புதுத் தட்டை ஆயிரக்கணக்கில் அழுத்துவதற்கு முன் ஐந்தே ஐந்து சோதனைத் தட்டுகள் போடுவோம். அதில் ஒன்றை அக்கா கேட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நான் அழுத்து இயந்திரத்தை ஓட்ட முடியும். அந்தக் கையெழுத்துக்காக இருபது வருஷத்துக்கு மேல் அவருடைய அறை வாசலில் நின்றிருக்கிறேன்.

ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் அறை. சுவரெல்லாம் சத்தத்தை விழுங்கும் பஞ்சுப் பலகை. ஒரு சுழல்மேடை, இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு மேசை, சீவிய மூன்று பென்சில்கள். உள்ளே போகிறவர்கள் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அக்கா ஒவ்வொரு தட்டையும் மூன்று முறை கேட்பார். முதல் சுற்று குறைகளுக்கு. எந்த நிமிஷம், எந்த விநாடியில் 'டிக்' என்கிறது, எங்கே உரசுகிறது என்று எழுதிக்கொண்டே போவார். இரண்டாம் சுற்றுக்கு முன் பென்சில்களை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிடுவார். கடையில் வாங்கிப் போன ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேட்பார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சும்மா கேட்கும் சுற்று. அதில் ஏதாவது உறுத்தினால் அதற்காக மட்டும் மூன்றாவது சுற்று. யாரும் சொல்லிக் கொடுத்த முறையல்ல. உறை போடும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர், அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு தட்டில் ஒரு வரி தாண்டிக் குதிக்கிறது என்று சொல்லி மூவாயிரம் தட்டுகளை நிறுத்தியதால் இந்த அறைக்கு வந்தவர். மீதியெல்லாம் அவரே கண்டுபிடித்துக்கொண்டது.

எட்டு மாதத்துக்கு முன் வந்த புது மேலாளருக்கு இந்த இரண்டாம் சுற்று பிடிக்கவில்லை. கெட்டவர் அல்ல. எதையும் அளந்து பார்க்கிறவர். வருடாந்திரக் காதுப் பரிசோதனையில் அக்காவின் இடது காதில் மிக மெல்லிய மேல் ஒலிகள் கேட்பது குறைந்திருப்பதாக அறிக்கை வந்தது. ஐம்பத்தேழு வயதில் அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் மேலாளர் 'டிக்' சத்தங்களைத் தானே எண்ணிச் சொல்லும் ஒரு மென்பொருளை வாங்கிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து கேட்கும் அறை இல்லை. அக்கா மறுபடி உறை போடும் பிரிவுக்கு.

"நீங்க ஆரம்பிச்ச இடம்தானே? பழகின இடம்" என்றார் மேலாளர், நல்ல மனசோடுதான்.

"பழகின இடம்தான் சார். அதனாலதான் போக வேணாம்னு இருக்கு" என்றார் அக்கா.

அந்த மாதத்தின் கடைசி வேலையாக வந்தது ஒரு மூத்த பாடகரின் தட்டு. எழுபத்து மூன்று வயது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகப் பாடுகிறவர். வாலிபத்தில் டிரம்ஸ் அதிர மேடையை ஒரு கை பார்த்தவர். பதினோரு வருஷம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, வீட்டில் இருந்த பழைய நாடா இயந்திரத்திலேயே பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அந்த நாடாவை ஓட்டித்தான், பாட்டைத் தட்டில் கோடாக வெட்டும் வெட்டுக்கூடத்தில் அச்சு எடுத்தார்கள்.

பத்திலும் உரத்த குரல் ஒன்றுகூட இல்லை. ஒரு பாட்டில், தனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும் தொலைபேசி எண்களை வரிசையாகச் சொல்கிறார். எடுக்க ஆள் இல்லாத எண்கள். இன்னொன்றில், பழைய இசைக்குழு ஊர் ஊராகப் போன வண்டியில் யார் பக்கத்தில் யார் தூங்கினார்கள், யார் குறட்டை எந்தச் சுருதி என்று கணக்குச் சொல்கிறார். இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டு அவர் மனைவியைப் பற்றியது. மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று மனைவி வீடெல்லாம் தேடுகிறார், கண்ணாடி அவர் தலைமேலேயே இருக்கிறது, இவர் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் பாட்டு. போன காலத்தை நினைத்து அழுகிறவர்கள் உண்டு. இவர் அதைக் கூப்பிட்டு உட்காரவைத்து நலம் விசாரித்து அனுப்புகிறார்.

முதல் சுற்றில் ஒரே ஒரு 'டிக்'. தட்டு சுத்தம். இரண்டாம் சுற்று முடிந்து அக்கா கதவைத் திறந்தபோது நான் வெளியே நின்றிருந்தேன்.

"என்னக்கா, ஓட்டலாமா?"

"பாட்டெல்லாம் பிரமாதம்பா. ஆனா மனுஷன் ஏன் இப்படி அவசரப்படறாரு?"

"வயசாயிடுச்சுல்ல? சீக்கிரம் முடிச்சுட்டுப் போய்ச் சாயணும்னு இருக்கும்."

"அதான் சொல்றேன். இது சாஞ்சு உக்காந்துக்கிட்டுப் பாடற பாட்டு. சாஞ்சு உக்காந்தவனுக்கு மூச்சு இவ்வளவு சுருக்காத் திரும்பாது. இது யாரோ பின்னாடி நின்னு தள்ளிவிடற மாதிரி இருக்கு."

மூன்றாம் சுற்றில் மூச்சை மட்டும் கேட்டார். பிறகு நேராக மேலாளர் அறைக்குப் போனார். படிவத்தோடு நானும் பின்னால் போனேன்.

"தட்டு வேகமா ஓடுது சார். பாடினதைவிட வேகமா."

மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். "மென்பொருள் பச்சை காட்டுது. நாடாவோட தலையில வேகத்தைச் சரிபாக்கற அளவு ஒலி இருக்கு, அதைப் பாத்துத்தான் வெட்டியிருக்காங்க. பாடகர் வீட்லேர்ந்து சம்மதம் வந்தாச்சு. எல்லாரும் சரிங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான்…" கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காது அறிக்கை என்கிட்ட இருக்கு."

"அதுல மேல் சத்தம் குறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு. புத்தி குறைஞ்சிருக்குன்னு எழுதலையே?"

நான் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தேன். மேலாளரும் லேசாகச் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைக்கறேன். காதுக்குத் தெரியுதுன்னா போதாது. எனக்கும் தெரியணும். இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடணும். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது."

கேட்கும் அறை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

எதை வைத்துக் காட்டுவது? தட்டு வேகமாக ஓடினால் சுருதியும் மேலே ஏறும். ஆனால் கிட்டாரை எந்தச் சுருதிக்கும் முறுக்கிக்கொள்ளலாம், குரலும் அப்படித்தான். இரண்டும் சாட்சி சொல்லாது. உறையில் அச்சிட்ட பாட்டு நேரங்கள்கூட இதே அச்சிலிருந்து அளந்தவை. அன்று சாயங்காலம் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்தபடியே அக்கா நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மவுத் ஆர்கன்" என்றார். "அதை முறுக்க முடியாதுல்ல? செஞ்சு அனுப்பின கட்டையில்தானே பேசும்?"

அக்காவின் தம்பி முடிதிருத்துகிறவர். கடையில் ஆள் இல்லாதபோது மவுத் ஆர்கன் ஊதுவார். ஆள் இருந்தாலும் ஊதுவார் என்பது அக்காவின் புகார். மறுநாள் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். சட்டைத் தோளில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கட்டைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மவுத் ஆர்கன்கள்.

"சீக்கிரம் சொல்லுக்கா. ஒருத்தரைப் பாதித் தலையோட உக்கார வச்சுட்டு வந்திருக்கேன்."

"எந்தப் பாதி?"

"இடது பாதி முடிஞ்சுது. கண்ணாடியில வலது பக்கத்தைப் பாத்துக்கிட்டிருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

அந்தச் சின்ன அறைக்குள் மேலாளரோடு சேர்த்து நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அக்கா இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டில் முள்ளை இறக்கினார். மவுத் ஆர்கனோடு தொடங்கும் பாட்டு. தம்பி ஐந்து கட்டையை எடுத்து ஊதினார். பல் கூசியது. தட்டு மேலே, இவர் கீழே. ஐந்தரைக் கட்டையை எடுத்தார். இப்போது இவர் மேலே, தட்டு கீழே. மற்றதெல்லாம் இன்னும் தள்ளிப் போயின.

"அஞ்சுக்கு மேல, அஞ்சரைக்குக் கீழ" என்றார் தம்பி. "இப்படி ஒரு ஆர்கன் எந்தக் கடையிலயும் விக்கறதில்ல."

மேலாளர் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க ஊதறதுல தப்பு இருந்தா?"

"சார், நான் சுமாராத்தான் ஊதுவேன், ஒத்துக்கறேன். ஆனா ஊதறது யாருன்னு ஆர்கனுக்குத் தெரியாதே."

"அவரோட ஆர்கன் பழசாயிருந்தா?"

"பழசானா உள்ள இருக்கற தகட்டு நாக்குல ஒரு நாக்கு கெடும், ரெண்டு நாக்கு கெடும். எல்லா நாக்கும் பேசி வச்சுக்கிட்டு ஒரே அளவாக் கெடுமா?"

அக்கா முள்ளை எடுத்து மறுபடி பாட்டின் தொடக்கத்தில் வைத்தார். சுழல்மேடையின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு. அதைத் தொட்டு மெல்லக் கீழே இழுத்தார். ஒன்று. இரண்டு. "அஞ்சை ஊது" என்றார். நூற்றுக்கு மூன்று குறைந்த இடத்தில், தம்பியின் ஆர்கனும் தட்டின் ஆர்கனும் ஒன்றாகிப்போயின. ஊதுவது யார் என்றே தெரியவில்லை. தம்பி வாயிலிருந்து எடுத்தும் ஓசை தொடர்ந்தது. அப்போதுதான் குரல் வந்தது.

அது வேறு ஆள். இதுவரை நாங்கள் கேட்டது கலகலப்பாகப் பேசும் ஒரு கிழவரை. இவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் அடுத்ததைச் சொல்லலாமா என்று யோசித்தார். தேடும் மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இடத்தில் ஒரு மூச்சு இழுத்து நிறுத்தினார், சிரிப்பை அடக்குகிற மூச்சு. வேகத்தில் அது வெறும் இடைவெளியாகப் போயிருந்தது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றார். முள் அடுத்த பாட்டுக்குப் போன பிறகும் நின்றார். பிறகு பாடகர் வீட்டுக்குத் தானே தொலைபேசியில், எங்களுக்கும் கேட்கும்படி வைத்து, அழைத்தார்.

மகள்தான் எடுத்தார். அப்பா தன் தட்டைத் தானே கேட்பதில்லை, சம்மதக் கையெழுத்தை அவருக்காகப் போட்டது மகளான தான்தான் என்றார். பிறகு பாடகரே பேச வந்தார்.

"நாடாவை எங்க வீட்டு மெஷின்ல போட்டுக் கேட்டேனே, சரியாத்தானே இருந்துச்சு?"

"அதே மெஷின்ல சரியாத்தான் சார் இருக்கும்" என்றார் அக்கா. "நாடாவை இழுக்கற உருளை தேஞ்சிருக்கும். மெதுவா ஓடிப் பதிஞ்சுது, அதே மாதிரி மெதுவா ஓடித் திருப்பிச் சொல்லுது. நல்லா ஓடற மெஷின்ல போட்டா வேகமாயிடும். நாடா தலையில இருக்கற அளவு ஒலியை வெளியில நல்ல மெஷின்ல பின்னாடி சேத்திருப்பாங்க, அதான் யாருக்கும் தெரியல."

மறுமுனையிலிருந்து இருமலும் சிரிப்புமாக ஒன்று வந்தது. "அப்ப நானும் மெஷினும் சேந்தே கிழமாயிருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் கண்டுக்கல." மறுபடி சிரித்தார். "நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"சும்மா கேட்டேன் சார்."

மேலாளர் முகத்தை நான் பார்த்தேன். சிவந்திருந்தது. ஆனால் எங்களைவிட அதிகம் சிரித்தவர் அவர்தான்.

நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டை மறுபடி வெட்டி, புது அச்சு வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் மாதம் மாறிவிட்டது. யாரும் கேட்கும் அறையை மூடவில்லை. உறை போடும் பிரிவிலிருந்து யாரும் அக்காவைத் தேடி வரவுமில்லை. மென்பொருளும் இருக்கிறது. 'டிக்' எண்ணுகிறது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. படிவத்தில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: 'இரண்டாம் சுற்று, பென்சில் இல்லாமல்'. மேலாளரே தட்டச்சு செய்தது.

புதுச் சோதனைத் தட்டு வந்த அன்று அக்கா கதவைத் திறந்து வைத்துவிட்டு இரண்டாம் சுற்றைக் கேட்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. உறை போடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கணக்கர், எல்லோரும் ஏதோ வேலையாக வருவதுபோல் வந்து நடையில் நின்றார்கள். நான்கு நிமிஷப் பாட்டு ஏழு விநாடி நீண்டிருந்தது. அந்த ஏழு விநாடியும் பாட்டு நெடுக மூச்சு மூச்சாகப் பரவியிருந்தது. மனைவியின் பாட்டு முடிந்ததும் உறைப் பிரிவுக்காரி ஒருத்தி கை தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினோம், பாடகர் எதிரில் நிற்பதுபோல.

அக்கா எழுந்து வந்தார். நான் நீட்டிய படிவத்தைச் சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டார். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தமான கையெழுத்து.

"ஓட்டட்டுமாக்கா?"

"ஓட்டு. எத்தனை வேணுமோ அத்தனையும் ஓட்டு."